ராகினியின் பக்கத்தில் ஒரு சிவப்புப் பிடி

கனகராயன்குளத்தில் பெருவீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில் என் வீடு. படலையில் பெயர்ப்பலகை கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு கராஜ் நடத்தும் எண்ணமும் எனக்குக் கிடையாது. ஆனாலும் அடிக்கடி ஒரு ஜீப் வந்து படலையில் நிற்கிறது. சேற்றிலும் மணலிலும் ஜீப் ஓட்டிப் போட்டி போடுகிற விளையாட்டு இப்போது வன்னிக்கும் வந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

"அண்ணை, றேஸ் ஜீப்புக்குப் பழைய வயரிங் நல்லதோ, புது எலெக்ரோனிக் நல்லதோ?"

தேத்தண்ணி குடிக்க முன்னமே பதில் வேண்டும். அதுவும் ஒற்றைச் சொல்லில். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உம்மட ஜீப்பில பக்கத்துச் சீற்றில ஆர் இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்பேன். முழிப்பார்கள். கிழவனுக்கு விசர் என்று நினைத்துக்கொண்டு சிலர் போயும் விடுகிறார்கள். போகட்டும். அந்தக் கேள்வியை நான் ஏன் கேட்கிறேன் என்பதை வாயால் சொல்ல நேரம் போதாது, அதனால் எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய வயரிங் என்றால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வயர், ஒரு பியூஸ், ஒரு சுவிச். லைற் எரியாவிட்டால் லைற்றின் பியூஸைப் பார்க்கலாம். கருகியிருந்தால் கழற்றிப் புதிதைக் குத்தலாம். புது முறையில் பியூஸ் கிடையாது. எல்லா வயரும் ஒரு பெட்டிக்குள் போகும். ஏதாவது ஒரு வயரில் கரண்ட் அளவுக்கு மிஞ்சினால் பெட்டியே அதை வெட்டிவிடும்; பொத்தானை அமத்தினால் திருப்பிக் கொடுக்கும். எதை எப்போது வெட்டுவது என்பதைக் கொம்பியூட்டர் வைத்து அதற்குச் சொல்லிக்கொடுக்கலாம். இரண்டுமே நல்லவைதான். இரண்டுமே ஆளைக் கொல்லவும் கூடியவைதான்.

நான் தொழில் பழகியது வவுனியாவில், ஒரு லொறிக் கராஜில். அந்த வருடங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை, ஏச்சும் கிறீசும்தான். உண்மையாகப் பழகியது பிறகு, சண்டை நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், வன்னிக்குள்ளே. பற்றரி உள்ளே வராது. இருக்கிற பற்றரியும் வெளிச்சத்துக்கும் ரேடியோவுக்கும் போய்விடும். ஆகவே வாகனம் பற்றரி இல்லாமல் ஓட வேண்டும். பழைய டீசல் எஞ்சினுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தள்ளி ஸ்ரார்ட் பண்ணிவிட்டால் ஓடுவதற்குக் கரண்ட் தேவையில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தேவை. டீசல் பம்பில் ஒரு சின்ன மின்வால்வு இருக்கும், சொலினோயிட் என்போம். கரண்ட் இருக்கும்வரை அது எண்ணெய்க்கு வழி விடும். கரண்ட் நின்றால் உள்ளே இருக்கிற சின்ன இரும்புக் குச்சி இறங்கி வழியை அடைக்கும், எஞ்சின் நிற்கும்.

நாங்கள் அந்தக் குச்சியைக் கழற்றி எறிந்தோம். எண்ணெய் வழி எப்போதும் திறந்தபடி. எஞ்சினை நிப்பாட்டப் பம்பின் நெம்புகோலில் ஒரு கம்பியைக் கட்டி, சாரதியின் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டோம். இழுத்தால் நிற்கும். அந்தக் காலத்தில் நான் கை வைத்த டீசல் வாகனங்களில் அப்படிச் செய்யாதது குறைவு. சாவியைத் திருப்பி எஞ்சினை நிப்பாட்டுகிற பழக்கமே எங்கள் சனத்துக்கு விட்டுப்போனது. அதைக் கெட்டித்தனம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

சண்டை முடிந்த பிறகு, கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றின் வாகனப் பகுதியில் எலெக்ரீஷியனாகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான். கிளிநொச்சியில் வேலைத்தலம், அங்கிருந்து முல்லைத்தீவுப் பக்கத்துக் காடுகளுக்கு வாகனங்கள் போகும். வெடி தோண்டுகிற ஒவ்வொரு இடத்திலும் ஓர் அம்புலன்ஸ் வீதிப் பக்கம் முகத்தை வைத்தபடி நிற்க வேண்டும். காலையில் அந்த அம்புலன்ஸ் ஸ்ரார்ட் வராவிட்டால் அன்றைக்கு ஒருவரும் மண்ணில் கை வைக்கக்கூடாது.

வேலைத்தலத்துப் பொறுப்பாளர் பெருமாள் ஐயா. மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கலவரத்தில் எரிந்த லயத்து வீட்டை விட்டுக் குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவர். எத்தனையோ வருடம் இங்கே இருந்தும் அவருடைய பேச்சு மாறவில்லை. எடுபிடிக்கு நிற்பவரைக்கூட 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாங்கள் பூட்டிய ஒவ்வொரு வயர் முனையையும் இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்ப்பார். கழன்று வந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். கழன்ற வயரை எங்கள் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அம்புலன்ஸுக்குள் ஏறும்போது செருப்பைக் கழற்றி வெளியே வைப்பார். ஏன் என்று கேட்டால், "ஆளு படுக்கிற எடங்க," என்பார்.

நான் சேர்ந்த புதிதில் பியூஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"லிங்கம், இந்த பியூஸ் யாரக் காப்பாத்துதுங்க?"

"வயரை, ஐயா."

"சரிங்க. அப்ப ஆளக் காப்பாத்துறது யாரு?"

பதிலுக்கு நிற்காமல் பியூஸ் பெட்டியை மூடிவிட்டுப் போய்விட்டார். எந்த வேலையைக் கொடுத்தாலும் அந்தக் கேள்வியைக் கூடவே கொடுப்பார், இது யாரைக் காப்பாத்துது என்று. முதலில் எரிச்சலாக இருந்தது. போகப்போக, சுவிச் ஒன்றைத் தொட்டாலே அவருடைய குரல் காதில் கேட்கத் தொடங்கியது.

அவர் வைத்திருந்த இன்னொரு முறை வேறு எந்த வேலைத்தலத்திலும் நான் காணாதது. தினமும் காலையில் காயப்பட்டவரை ஏற்றுகிற ஒத்திகை நடக்கும். ஒருவர் காயப்பட்டவர்போல் ஸ்ரெச்சரில் படுக்க வேண்டும், அவரைத் தூக்கி அம்புலன்ஸில் ஏற்றி வீதிவரை ஓட்டிக் காட்ட வேண்டும். மற்ற இடங்களில் அதற்கு யாரையாவது பிடித்துப் படுக்க வைப்பார்கள். எங்களிடம் அந்த அம்புலன்ஸில் கடைசியாக வேலை செய்தவர்தான் படுக்க வேண்டும். மெக்கானிக் என்றால் மெக்கானிக், எலெக்ரீஷியன் என்றால் எலெக்ரீஷியன். பட்டி போட்டுக் கட்டிவிடுவார்கள். கூரையைப் பார்த்தபடி கிடக்கும்போது நாம் பூட்டிய வயர் எங்கெங்கே ஓடுகிறது என்பதெல்லாம் ஞாபகம் வரும். இழுத்துப் பார்க்காமல் விட்ட முனை ஏதாவது இருந்தால் அது அப்போதுதான் நினைவில் வந்து குத்தும்.

தாரணி அங்கே அம்புலன்ஸ் சாரதி. அக்கராயனில் வயல்காரக் குடும்பம். உழவு இயந்திரத்தில் தொடங்கி எல்லாவற்றையும் ஓட்டப் பழகியவள். ராகினி வெடி தோண்டுகிறவள். முள்ளிவாய்க்காலில் கடற்றொழில் செய்கிற வீடு. இரண்டு பேரும் நிறுவனத்தின் முகாமில் ஒரே அறை. சொந்தபந்தம் எதுவும் இல்லை. ஆனாலும் ராகினிக்கு மூச்சுக்கு மூச்சு அக்காதான்.

ஒரு மாரி மழைக்குப் புது அம்புலன்ஸ் ஒன்று வந்தது. எஞ்சின் முழுக்கக் கொம்பியூட்டரின் சொல்படி ஓடுவது. பெருமாள் ஐயா அதனுடைய கைநூலை யாரையோ பிடித்துச் சொல்லுக்குச் சொல் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "நல்ல வண்டிதாங்க. ஆனா இது நம்மகிட்ட கேக்காம முடிவு எடுக்குங்க," என்றார். அப்போது அதன் பொருள் எங்களுக்கு விளங்கவில்லை.

அந்த மாரியில் ஒருநாள் காலையில் ஸ்ரெச்சரில் படுத்தவன் நான்தான். வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒத்திகை முடிந்து எழும்பி, தேத்தண்ணிக் கோப்பையை எடுத்த நேரம் வெடித்தது. சத்தம் பெரிதாக இருக்கவில்லை. விசில் ஊதினார்கள். எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள். காயப்பட்டவரைத் தூக்கி வரும்போதுகூட ஓடக்கூடாது. துப்புரவு செய்து குறியிட்ட பாதையை விட்டு ஓர் அடி விலகக்கூடாது. அவர்கள் ஒருவர் பின் ஒருவராக நடந்து வருவதைத் தாரணி ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்ட வந்த பிறகுதான் ஸ்ரெச்சரில் ராகினி என்று தெரிந்தது. இடது பாதம் இல்லை.

வண்டியில் கடைசியாக வேலை செய்தவர் வண்டியோடு போக வேண்டும் என்பதும் ஐயாவின் சட்டம். நான் பின்னால் ஏறினேன். மருத்துவ உதவியாளர் காலை இறுக்கிக் கட்டினார். மழையில் வீதியைக் குறுக்கறுத்து வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. தாரணி பதனமாகத்தான் இறக்கினாள். மறுகரையில் ஏறியதும் முன்னால் ஒரு செம்மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் இழுவை விட்டது. எங்கேயோ ஓர் இணைப்புக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. கொம்பியூட்டர் எஞ்சினுக்கு ஏதோ கேடு என்று முடிவெடுத்து, வேகத்தை அமத்திப் பிடித்துக்கொண்டது. தாரணி மிதியை அடிவரை அமத்தினாள். வண்டி கேட்கவில்லை. மீன்பெட்டி கட்டிய சைக்கிளில் ஒருவர் எங்களை முந்திக்கொண்டு போனார்.

ஒருமுறை நிப்பாட்டித் திருப்பி ஸ்ரார்ட் பண்ணினால் கொம்பியூட்டர் மனம் மாறக்கூடும் என்று எனக்குத் தெரியும். அப்படியே ஸ்ரார்ட் வராமல் போகவும் கூடும். வானொலிக் கருவியில் ஐயாவைக் கூப்பிட்டேன்.

"ஓடுதுங்களா?"

"ஊருது, ஐயா. நிப்பாட்டிப் பாக்கட்டோ?"

"ஊர்ந்தாலும் போங்க. நிப்பாட்டினா அது திரும்ப வருமான்னு எனக்குத் தெரியலைங்க," என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மனிதர் அவர்.

நான் சொன்ன 'நிப்பாட்டி' என்ற சொல் மட்டும் ராகினிக்குக் கேட்டிருக்கிறது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் பார்த்துக் கத்தத் தொடங்கினாள்.

"நிப்பாட்டாதேங்கோ அக்கா! நிப்பாட்டாதேங்கோ!"

ஆஸ்பத்திரி வாசல்வரை அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். குரல் மட்டும் குறைந்துகொண்டு வந்தது. தாரணி கண்ணை வீதியிலிருந்து எடுக்கவில்லை. அழவும் இல்லை. வாசலில் வண்டியை நிப்பாட்டிய பிறகும் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. நான் இறங்கிப் போய் எடுத்துவிட்டேன்.

ராகினி பிழைத்தாள். ஆனால் காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டி வந்தது. நேரத்துக்கு வந்திருந்தால் முழங்காலாவது தப்பியிருக்குமோ என்று டொக்டரிடம் நாங்கள் யாரும் கேட்கவில்லை. தாரணி கேட்காமலே தனக்குப் பதில் சொல்லிக்கொண்டாள்.

விசாரணையில் யார் மீதும் பிழை இல்லை என்றார்கள். ஐயா அந்த வண்டியைக் கொட்டிலுக்குள் விட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி, சாரதிக் கதிரையில் நெடுநேரம் இருந்தார். "அது எஞ்சினக் காப்பாத்தியிருக்குங்க, லிங்கம். அதோட வேலைய அது சரியாத்தான் செஞ்சிருக்கு. ஆளக் காப்பாத்தணும்னு அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை," என்றார். அவருடைய கண் கலங்கி நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

அதற்குப் பிறகு பல வருடம் போய்விட்டது. பெருமாள் ஐயா இப்போது இல்லை. வெடி தோண்டும் வேலையும் குறைந்து குறைந்து ஆட்களை அனுப்பிவிட்டார்கள். தாரணி அக்கராயனில் வயல் செய்கிற ஒரு கமக்காரரிடம் பழைய டீசல் ஜீப் ஒன்று வாங்கி நெல்லும் உரமும் ஏற்றி ஓடினாள். பிறகு சேற்று ஓட்டப் போட்டி ஒன்றுக்குப் போய்ப் பார்த்தாள். பிறகு பேர் கொடுத்தாள். பக்கத்துச் சீற்றில் வழி சொல்லுகிறவளாக ராகினியை ஏற்றிக்கொண்டாள். இதைக் கேள்விப்பட்டபோது இவளவைக்கு மூளை கலங்கிவிட்டதோ என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் இரண்டு பேரும் ஜீப்பில் என் வீட்டுப் படலையில் வந்து நின்றார்கள். ராகினியின் மடியில் ஒரு பெட்டி. கனடாவில் இருக்கும் அவளுடைய தம்பி அனுப்பியது. பியூஸுக்குப் பதிலாகப் பூட்டுகிற எலெக்ரோனிக் பெட்டி.

"லிங்கண்ணை, இதைப் பூட்டித் தாங்கோ," என்றாள் ராகினி.

"பூட்ட வேண்டாம்," என்றாள் தாரணி. "பழைய வயரிங்கைத் திருப்பிப் புதுசா இழுத்துத் தாங்கோ. பியூஸும் றிலேயும் எனக்குக் காணும். தானா முடிவெடுக்கிற சாமான் ஒண்டும் என்ர ஜீப்புக்க வரக்கூடாது."

"அக்கா, பியூஸ் போனா ஆர் இறங்கிறது? பக்கத்துச் சீற்றில இருக்கிறவதானே? சேத்துக்க இறங்கி, பொனற்றைத் திறந்து, எது கருகினதெண்டு தேடி... இந்தப் பொய்க்காலோட நான் இறங்கி ஏற மற்ற ஜீப்புகள் எல்லாம் வீட்ட போயிடும்."

"நான் இறங்குவன்."

"நீங்கள் ஓட்டி, நீங்களே இறங்கி, நீங்களே பாக்கிறதெண்டா நான் எதுக்கு அதில குந்திக்கொண்டிருக்கிறன்?"

தாரணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போட்டி நடத்துகிறவர்கள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருப்பவர் வெளி உதவி இல்லாமல் கரண்டை வெட்டவும், நின்ற வண்டியைத் திருப்பி ஓட வைக்கவும் கூடியவராக இருக்க வேண்டும். ஓட்டத்துக்கு முன் சோதிப்பார்கள். சரிவராவிட்டால் வேறு ஆளை ஏற்ற வேண்டும். போன முறை ராகினியை விட்டது அரைமனதோடுதான். இந்த முறை கட்டாயம் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ராகினி என்னைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணை, காயப்பட்ட பிறகு எந்த வாகனத்தில ஏறினாலும் நான் ஏத்தி இறக்கிற சாமான்தான். பஸ்ஸில ஏறினாச் சனம் எழும்பி இடம் விடும். பாவம் எண்டு பாக்கும். இந்த ஜீப்பில மட்டும்தான் எனக்கொரு வேலை இருக்கு. அதை இழக்கேலாது."

உண்மையைச் சொன்னால், நான் தாரணியின் பக்கம்தான் நின்றேன். பழைய வயரிங்கில் ஒன்று கெட்டால் ஒன்றுதான் கெடும். பெட்டி போனால் எல்லாம் போகும். அந்த அம்புலன்ஸுக்குள் நானும் இருந்தவன், செம்மஞ்சள் விளக்கை இன்னும் மறக்கவில்லை. ஆனால் முடிவு சொல்ல முன்னம் ஐயாவின் முறைப்படி ஒத்திகை ஒன்று பார்க்க வேண்டும் என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு ராகினியின் சீற்றில் ஏறினேன். இடதுகாலை மடித்து, நான் சாரத்துக்குக் கட்டியிருந்த பட்டியால் தொடையோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். தாரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அண்ணை, கோயில் நேத்தியோ?"

"வாயை மூடிக்கொண்டு கட்டும் பிள்ளை."

வார்ப்பட்டியையும் பூட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். பியூஸ் பெட்டிக்குக் கை போகவில்லை. பற்றரியை வெட்டுகிற சிவப்புப் பிடி நடுவில் இருந்தது, அதற்குப் போனது. "எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணும்," என்றேன். எஞ்சின் ஓடியது. பிடியை இழுத்தேன். லைற் அணைந்தது. முன்னால் எஞ்சினைக் குளிர்விக்கும் மின்விசிறி நின்றது. எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தாரணியின் கை தானாக முழங்காலுக்குப் பக்கத்தில் போய் ஒரு கம்பியை இழுத்தது. எஞ்சின் நின்றது.

மூன்று பேரும் சிரித்தோம். "எங்கட வன்னி எஞ்சின்," என்றேன் நான். பம்பைத் திறந்து பார்க்கத் தேவையே இல்லை, சொலினோயிட்டுக்குள் குச்சி இல்லை என்பது தெரிந்துவிட்டது. தடைக் காலத்தில் யாரோ கழற்றி எறிந்தது. அந்தக் கமக்காரர் கம்பியை இழுத்துத்தான் நிப்பாட்டிக் காட்டியிருப்பார். தாரணியும் இவ்வளவு காலம் கம்பியை இழுத்துத்தான் நிப்பாட்டினாள். பக்கத்தில் இருந்த ராகினிக்கும் அது புதினமாகத் தெரியவில்லை. வேறு ஊரில் என்றால் முதல் நாளே ஏன் என்று கேட்டிருப்பார்கள். எங்களுக்கு எஞ்சின் என்றால் கம்பியை இழுத்தால்தான் நிற்கும்.

ராகினிதான் முதலில் சிரிப்பை விட்டாள்.

"அக்கா, ஜீப் பிரண்டு நீங்கள் மயங்கிப் போனா?"

தாரணி கையிலிருந்த கம்பியை விட்டாள்.

"கம்பி உங்கட பக்கத்தில. எனக்கு எட்டாது. கால் மடங்காது, குனியேலாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், டீசல் ஒழுகும், நான் வாரில தொங்கிக்கொண்டு பாத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்."

தாரணி இறங்கிப் போய்க் கிணற்றடியில் நின்றாள். முகத்தைக் கழுவினாள். திருப்பித் திருப்பிக் கழுவினாள். எனக்குக் கிட்டப் போக மனம் வரவில்லை. அவள் நம்பினது பழசை. பழசுதான் ராகினியைக் கொல்லப் பார்த்துக்கொண்டு இவ்வளவு காலம் முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கியிருக்கிறது. எனக்குத்தான் அது இன்னும் உறைத்தது. அப்படிக் குச்சி கழற்றியவர்களில் நானும் ஒருவன் அல்லவா.

திரும்பி வந்து சொன்னாள். "பெட்டியைப் பூட்டுங்கோ அண்ணை. ஆனா ஒண்டு. எஞ்சினை நிப்பாட்டிற முடிவை அது எடுக்கக்கூடாது."

"ஆர் எடுக்கிறது?"

"அவள்," என்றாள்.

அதற்குப் பிறகு வேலை லேசாயிற்று. ஒவ்வொரு வயரையும் எடுத்து ஐயாவின் கேள்வியைக் கேட்டோம். லைற், மின்விசிறி, துடைப்பான், சேற்றிலிருந்து வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் மோட்டார் எல்லாம் பெட்டிக்குள் போனது. அவற்றை வெட்டினால் வெட்டட்டும். திருப்பிக் கொடுக்கிற பொத்தான்களை ராகினியின் பக்கத்துக் கதவோடு வரிசையாக வைத்தேன். மின்விசிறிக்கு மட்டும் வேறு கட்டளை. எஞ்சின் சூடேறினால் அது தன்னைப் பற்றிக் கவலைப்படாமல் கருகும்வரை சுற்ற வேண்டும். ராகினி தம்பியோடு போனில் பேசிப் பேசிக் கொம்பியூட்டரில் அதை எழுதினாள். சொலினோயிட்டுக்குப் புதுக் குச்சி போட்டேன். அதன் வயரை மட்டும் பெட்டிப் பக்கமே கொண்டுபோகவில்லை. பற்றரியிலிருந்து தடித்த ஒற்றை வயர், பழைய முறைப்படி, சிவப்புப் பிடி வழியாக நேரே பம்புக்கு. ஈயம் உருக்கி வைக்கவில்லை, ஈயம் வைத்த இடம் அதிர்வில் முறியும். முனையை அழுத்திப் பூட்டி, இரட்டை உறை போட்டு, இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தேன். தாரணியையும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். ராகினியையும்.

சிவப்புப் பிடியை நடுவிலிருந்து கழற்றி ராகினியின் தலைக்கு மேலே, கூரைக் குழாயில் பூட்டினேன். ஜீப் எந்தப் பக்கம் சரிந்தாலும் கை போகும் இடம். காலைக் கட்டிக்கொண்டு நானே இருந்து பார்த்த இடம். தாரணி பழைய கம்பியைக் கழற்ற விடவில்லை. அது அவளுடைய பழக்கம், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போட்டி, அக்கராயனுக்கு அப்பால் தூர்ந்துபோன ஒரு குளத்தின் வயிற்றுக்குள். முதல் மழை பெய்து சேறு முழங்கால் மட்டும். சோதிப்பவர் தென்பகுதிக்காரர், அரைகுறைத் தமிழ். ராகினியின் காலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், திரும்பவும் காலைப் பார்த்தார். எஞ்சினை ஓட விட்டு, "இழுங்க," என்றார். ராகினி இழுத்தாள். எல்லாம் ஒன்றாக நின்றது. அவர் இன்னொரு முறை செய்யச் சொன்னார். அதற்குப் பிறகு பொத்தான்களைத் தானே அமத்திப் பார்த்துவிட்டு, "நல்லம்," என்று கையெழுத்துப் போட்டார். ராகினி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தைச் சீரியசாக வைத்திருந்தாள், ஆனால் காது இரண்டும் சிவந்திருந்தது.

நான் குளக்கட்டில் நின்று பார்த்தேன். முதல் சுற்றில் கம்பிவட மோட்டார் ஒருமுறை வெட்டுப்பட்டு, ராகினி பொத்தானை அமத்தித் திருப்பி எடுத்திருக்கிறாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜீப் சேற்றில் புதைந்து பிறகு ஏறியதுதான். இரண்டாம் சுற்றில் பழைய துருசடிக்கு, குளத்தின் மதகுப் பக்கம், வந்தார்கள். அங்கே தண்ணீருக்குக் கீழே கல்லுக்கட்டு ஒன்று இடிந்து கிடந்திருக்கிறது. இடது சில்லு அதில் ஏற, ஜீப் மெதுவாக, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சாரதிப் பக்கமாகச் சரிந்து விழுந்தது.

சனம் கத்தியது. ஓடினோம். சேறு காலை விடவில்லை. எஞ்சின் உச்சத்தில் அலறிக்கொண்டிருந்தது. மேலே கிடந்த சில்லுகள் சுற்றிச் சேற்றை வாரி இறைத்தன. டீசல் மணம் வந்தது. புகையும் வந்தது. தாரணி அடிப்பக்கம், அவளுடைய கம்பி இருந்த பக்கம் சேற்றுக்குள். அந்தச் சில நொடியில் எனக்குள் ஓடியதை எழுத எனக்குத் தெரியவில்லை. அந்த ஒற்றை வயரை முனையிலிருந்து முனைவரை மனத்துக்குள் தடவிக்கொண்டு ஓடினேன். முருகா, முருகா என்று வாய்விட்டே கத்தியிருக்கிறேன், பிறகு சொன்னார்கள்.

எஞ்சின் நின்றது.

வாழ்நாள் முழுக்க எஞ்சின் ஸ்ரார்ட் வருகிற சத்தத்துக்காகக் காது கொடுத்தவன் நான். நின்ற சத்தம் அப்படி இனித்தது அன்றைக்குத்தான். சில்லுகள் சுற்றி ஓய்ந்தன. அப்போதுதான் உள்ளேயிருந்து ராகினியின் குரல் கேட்டது. வார்ப்பட்டியில் தொங்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, கீழே கிடந்தவளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நிப்பாட்டிட்டன் அக்கா. பயப்பிடாதேங்கோ. நான் நிப்பாட்டிட்டன்."

பிறகு சேற்றுக்குள்ளிருந்து தாரணி அழத் தொடங்கினாள். அம்புலன்ஸில் அழாத அழுகை முழுவதையும் அழுதாள்.